ஏரியும் சட்டமும்: நில ஒருங்கிணைப்புச் சட்டம் பற்றி விவசாயிகள் அறிய வேண்டியவை

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளை ‘ஏரி மாவட்டம்’ என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை ஏரியில் தேக்கி, அந்த நீரைக் கொண்டே நவரைப் பட்டத்து நெல்லைக் கரையேற்றுகிறார்கள். ஏரி நன்றாகப் பெருகிய ஆண்டில் கிணறுகளிலும் ஊற்று நின்று, சித்திரையில் சொர்ணவாரிக்கும் துணை செய்கிறது. ஆகவே, ஏரியைத் தொடும் சட்டம் எதுவானாலும் அது விவசாயியின் களத்துமேட்டைத் தொடும் சட்டமே.

அத்தகைய சட்டங்களுள் ஒன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம், 2023. சட்டப்பேரவையில் இது 2023 ஏப்ரல் 21 அன்று விரிவான விவாதம் இன்றி நிறைவேறியது. அதே ஆண்டில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விவசாய சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இதனைத் திரும்பப் பெற வேண்டும் என்று கோரின. பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் முதலிய ஊர்களில் 2022 முதல் போராட்டம் நடந்து வந்த சமயம் அது. அத்திட்டப் பரப்பில் ஏரிகளும் அடங்கியிருந்ததால், இச்சட்டம் விவசாயிகளின் கவனத்தை மிகவும் ஈர்த்தது.

ஒரு சட்டத்தை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ அவரவர் உரிமை. ஆனால், அதில் என்ன உள்ளது, அது தம் ஊர் ஏரியில் எப்படிச் செயல்படும், தாம் எந்தக் கட்டத்தில் வாய் திறக்கலாம் என்பவற்றை ஒவ்வொரு ஆயக்கட்டுதாரரும் அறிந்திருத்தல் அவசியம்.

சட்டம் உருவாகும் விதம்

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி விவசாயம், நீர், நிலம் ஆகியவை பெரும்பாலும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. எனவே ஏரி, வாய்க்கால் பற்றிய சட்டங்கள் சென்னையில் உள்ள சட்டப்பேரவையில் பிறக்கின்றன. தமிழ்நாட்டில் மேலவை 1986 இல் ஒழிக்கப்பட்டது; ஆகவே பேரவை ஒன்றே இதனை முடிவு செய்கிறது.

முதலில் மசோதா பேரவையில் அறிமுகம் செய்யப்படும். பின்னர் அதன் மீது விவாதம் நடைபெறும். உறுப்பினர்கள் விரும்பினால் அதைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, பொது மக்களின் கருத்தைக் கேட்கச் செய்யலாம். நிறைவேறிய மசோதா ஆளுநரின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வெளியாகும். அதன் பிறகும் அது உடனே செயலுக்கு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நடைமுறைக்கு வரும் நாளை அரசு தனியாக அறிவிக்கலாம். விதிகளும் வகுக்கப்பட வேண்டும்.

பேரவையில் நிறைவேறிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று விவசாயிகள் பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. அதே 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதாவும் பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை அடுத்து, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மசோதாவுக்கும் சட்டத்துக்கும் இடையே, சட்டத்துக்கும் விதிக்கும் இடையே, விதிக்கும் ஓர் ஊரில் அதன் அமலுக்கும் இடையே பேசுவதற்கு இடம் உண்டு என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

முன்பிருந்த சட்டங்கள்

புதிய சட்டத்தை அறிய, பழைய சட்டங்கள் இரண்டைத் தெரிந்துகொள்வது நலம்.

முதலாவது, 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு உள்ளிட்ட அரசு நிலங்களில் ஆக்கிரமிப்பு செய்தவருக்கு அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, பிறகு அகற்றும் அதிகாரத்தை இது வருவாய்த் துறைக்கு அளிக்கிறது.

இரண்டாவது, 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம். ஏரியை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்ற இது வழி செய்கிறது. ஆனால் இதில் ஒரு வரம்பு உண்டு. பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்காகவே இது இயற்றப்பட்டது. பொதுவாக 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உள்ள ஏரிகளே அத்துறையிடம் இருந்தன. இப்போது அவற்றை நீர்வளத் துறை கவனிக்கிறது. அதற்குக் குறைந்த சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் உள்ளன. தங்கள் ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை அறியாமல் மனு எழுதினால், அம்மனு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இவ்விரண்டு சட்டங்களும், ஏரி இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற அடிப்படையில் எழுந்தவை. 2023 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கேதான் வேறுபடுகிறது.

புதிய சட்டம் கூறுவது என்ன?

100 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது சுமார் 247 ஏக்கர் கொண்ட பெரிய திட்டம் ஒன்றை நிறைவேற்ற விரும்புவோர் அரசிடம் விண்ணப்பிக்கலாம். உள்கட்டமைப்பு, வணிகம், தொழில், விவசாயம் ஆகியவற்றில் முக்கியத்துவம் உடையது என்று அரசு கருதினால், அதனைச் சிறப்புத் திட்டமாக அறிவிக்கலாம். அந்த நிலத்தின் நடுவே நீர்நிலையோ, ஓடையோ, வாய்க்காலோ இருப்பின், நிலங்களை மாற்றி அமைக்கும் வரைவுத் திட்டம் ஒன்று தயாரிக்கப்படும். பாதிக்கப்படுவோரின் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் கேட்கப்படும். நிபுணர் குழு ஒன்று அதனைப் பரிசீலிக்கும். பின்னர் அரசு இறுதி முடிவு எடுக்கும்.

நீர்நிலையின் கொள்ளளவும் நீரோட்டமும் குறையக் கூடாது என்பது இதில் உள்ள நிபந்தனை.

சட்டத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்களும் உண்டு. பெரிய பரப்பின் நடுவே ஒரு சிறு வாய்க்கால் புறம்போக்கு குறுக்கிடுவதால் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன. ஒழுங்கான நடைமுறை இல்லாத இடத்தில் வாய்க்கால்கள் கேட்பாரின்றித் தூர்க்கப்படுகின்றன. கேள்வி கேட்க ஒரு விசாரணையாவது இருப்பது மேல் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், ‘கொள்ளளவு குறையக் கூடாது’ என்ற நிபந்தனை மட்டும் பாசனத்தைக் காப்பாற்றுமா என்பதை விவசாயிகள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு

ஓர் ஊரில் 50 ஏக்கர் நீர்ப்பரப்பும், மதகு அடி மட்டத்துக்கு மேல் சராசரி 4 அடி ஆழமும் உள்ள ஏரி இருப்பதாகக் கொள்க. அதன் கொள்ளளவு 50 × 4 = 200 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர்-அடி என்பது 43,560 கன அடி. ஆக, 200 ஏக்கர்-அடிக்கு 87,12,000 கன அடி ஆகிறது.

இந்த ஏரிக்குப் பதிலாக, 20 ஏக்கரில் 10 அடி ஆழத்துக்குக் குளம் வெட்டித் தருவதாகக் கொள்க. 20 × 10 = 200 ஏக்கர்-அடி. காகிதத்தில் கொள்ளளவு சிறிதும் குறையவில்லை. பரப்பு சுருங்கியதால் வெயிலில் ஆவியாகும் நீரும் குறையும், அது லாபமே.

ஆனால் வயல் மட்டத்தைப் பார்க்க வேண்டும். பழைய ஏரியின் நீர் முழுவதும் மதகு மட்டத்துக்கு மேல் நின்றது. மடையைத் திறந்தால் தானாகவே பாய்ந்தது. புதிய குளத்தில் மதகு மட்டத்துக்கு மேல் 4 அடியே நிற்குமானால், தானாகப் பாயக்கூடியது 20 × 4 = 80 ஏக்கர்-அடி மட்டுமே. மீதமுள்ள 120 ஏக்கர்-அடி பள்ளத்தில் கிடக்கும். அதை வெளியே எடுக்க இஞ்சின் அல்லது மின் மோட்டார் வேண்டும்.

நெற்பயிருக்கு ஒரு போகத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர், அதாவது 4 அடி நீர் தேவை. வாய்க்கால் சேதாரத்தையும் மழையையும் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், பழைய ஏரி ஒரு முறை நிரம்பினால் 50 ஏக்கர் பாயும். புதிய குளம் 20 ஏக்கருக்கே தானாகப் பாயும். எஞ்சிய 30 ஏக்கர்க்காரர்கள் மோட்டார் வைக்க வேண்டும். வைக்க வசதி இல்லாதவர் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டும். கடைமடையில் உள்ள சிறு விவசாயியே முதலில் பாதிக்கப்படுவார்.

இனி, நீர் வரத்தைப் பார்க்கலாம். 100 ஏக்கர் நீர்ப்பிடிப்பிலிருந்து 1 அங்குல நீர் ஓடி வந்தால் அது சுமார் 8⅓ ஏக்கர்-அடி ஆகும். 200 ஏக்கர்-அடி நிரம்ப, 2,400 ஏக்கரிலிருந்து 1 அங்குலமோ, 600 ஏக்கரிலிருந்து 4 அங்குலமோ ஓடி வர வேண்டும். முன்னோர் ஏரியை அமைத்த இடம், அவ்வளவு நிலத்தின் மழைநீரும் சரிவின்படி வந்து சேரும் இடமாக இருக்கும். குளத்தை வேறு இடத்தில் வெட்டலாம். மேட்டையும் பள்ளத்தையும் அதனுடன் சேர்த்து எடுத்துச் செல்ல முடியாது. வரத்து இல்லாத குளம் எத்தனை ஆழமாக இருந்தாலும் வெறும் பள்ளமே.

ஆகவே, ஏரி என்பது கொள்ளளவு மட்டுமன்று. நீர்ப்பிடிப்பு, வரத்துக் கால்வாய், கரை, மதகு, கலங்கல், போக்குக் கால்வாய், ஆயக்கட்டு ஆகிய ஏழும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் ஒன்றன் மட்டம் மாறினாலும் மற்றவை பயன்படா.

தாம்பரம் காட்டும் பாடம்

இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையின் தென் புறநகரைப் பார்த்தால் போதும்.

சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அது நன்மங்கலத்துக்கும், பின்னர் கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் செல்லும். மணியில் கோத்த நூல்போல இவை ஒன்றோடொன்று தொடர்ந்தவை. மேலே உள்ள ஏரியின் கலங்கல் வழிந்தால்தான் கீழே உள்ள ஏரிக்கு வரத்து. தாம்பரத்தின் மேற்கே பெய்யும் மழைக்கோ அடையாறு வடிகால்.

ஒரு காலத்தில் இந்த ஏரிகளின் கீழ் நெல் விளைந்தது. நகரம் வளர வளர ஆயக்கட்டு மனைகளாயிற்று. ஆயக்கட்டு போன பிறகு மதகைப் பார்க்க ஆளில்லை. வாய்க்கால் தூர்ந்தால் கேட்க ஆளில்லை. வரத்துக் கால்வாயில் மழைநீருக்குப் பதில் கழிவுநீர் வந்தது. ஏரி பெயரளவில் இருந்தது. அதைச் சேர்ந்த மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பிற்பாடு சிட்லபாக்கத்திலும் செம்பாக்கத்திலும் ஏரியைச் சீர்செய்யப் பெரும் முயற்சியும் பொருட்செலவும் தேவைப்பட்டன.

2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. அவ்வளவு மழைக்கு எந்த ஏற்பாடும் முழுவதும் ஈடு கொடுத்திருக்காது என்பது உண்மையே. ஆனால் ஏரிகளும் கால்வாய்களும் பழைய அளவில் இருந்திருந்தால் வெள்ளத்தின் வேகம் தணிந்திருக்கும். அகன்று பரந்த ஏரி வெள்ளத்தைத் தாங்கி மெல்ல விடும். சுருக்கப்பட்ட ஏரி உடனே வழியும்.

பள்ளிக்கரணையும் இதே பாடத்தையே கூறுகிறது. சதுப்பு நிலத்தின் பெரும் பகுதி கட்டடங்களாகவும் குப்பை மேடாகவும் மாறிய பிறகே, எஞ்சியிருந்த பகுதிக்குப் பாதுகாப்பு வந்தது. 2022 இல் சுமார் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. இழந்த பிறகு வரும் சட்டம் எஞ்சியதை மட்டுமே காக்கும்.

தாம்பரம் 2021 இல் மாநகராட்சியாயிற்று. அதற்கும் தெற்கிலும் மேற்கிலும் அகரம்தென், மணிமங்கலம், படப்பை போன்ற இடங்களைச் சுற்றி நகரம் நெருங்கி வருகிறது. அங்கு இன்னும் உழவு செய்வோர் செம்பாக்கத்தையும் சிட்லபாக்கத்தையும் பார்த்துத் தங்கள் ஏரியைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

விசாரணை அறிவிப்பு வந்த பிறகு ஆவணம் தேடுவது, கரை உடைந்த பிறகு மண் தேடுவதைப் போன்றது. அவகாசம் போதாது. எனவே ஒவ்வோர் ஊரிலும் ஆயக்கட்டுதாரர்கள் சேர்ந்து ‘ஏரிக் குறிப்பேடு’ ஒன்றை இப்போதே தயாரித்து வைக்கலாம். அதில் இருக்க வேண்டியவை:

1. ஏரி, வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய் ஆகியவற்றின் சர்வே எண்களும் பரப்பும். இவை கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் கிடைக்கும்.

2. கிராம வரைபடமும் புலப்படங்களும். வாய்க்காலின் அகலம் புலப்படத்தில் குறிக்கப்பட்டிருக்கும். தரையில் உள்ள அகலத்தை நாடா வைத்து அளந்து பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

3. மதகுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அடி மட்டம், கலங்கலின் மேல் மட்டம். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள உயரமே தானாகப் பாயும் நீரின் அளவைக் காட்டும். இந்த விவரம் நீர்வளத் துறை அல்லது ஒன்றியப் பொறியாளரிடம் இருக்கும்.

4. ஆயக்கட்டின் சர்வே எண்கள், எந்தப் பட்டத்தில் எத்தனை ஏக்கர் சாகுபடி ஆனது என்ற விவரம். இதற்கு அடங்கல் ஆதாரமாகும். அடங்கலில் சாகுபடி பதியாமல் விட்டால், நிலம் தரிசு என்றே கணக்கில் ஏறும். ஆகவே ஒவ்வொரு பட்டத்திலும் பதிவைச் சரிபார்ப்பது மிக அவசியம்.

5. ஏரியால் ஊற்றுப் பெறும் கிணறுகள், ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, ஏரி நிரம்பியபோதும் வற்றியபோதும் அவற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்ற விவரம்.

6. இந்த ஏரிக்கு மேலே உள்ள ஏரி எது, கீழே உள்ள ஏரி எது என்ற குறிப்பு. அவை வேறு தாலுகாவிலோ வேறு மாவட்டத்திலோ இருக்கலாம். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அண்டையில் உள்ள வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. மேலூரில் ஏரி மாற்றப்படுமானால் கீழூர் விவசாயிகளும் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும்.

அலுவலகத்தில் விவரம் கிடைக்கவில்லை என்றால், 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு செய்யலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

எங்கே பேசுவது?

ஊராட்சிகளில் கிராம சபை தக்க இடம். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுவது வழக்கமாகியுள்ளது. ஏரியின் எல்லை, வாய்க்கால் அகலம், ஆயக்கட்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு அன்று தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலைப் பெற்று வைப்பது நலம். மாநகராட்சிப் பகுதியில் உள்ளோர் பகுதி சபையில் இதனை எழுப்பலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

புதிய மசோதாவோ திருத்தமோ பேரவைக்கு வருமானால், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுத்து மூலம் கருத்தைத் தெரிவிக்கலாம். ‘ஏரியைக் காக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, சட்டத்தில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று எழுதுவதே பயன் தரும். உதாரணமாக, கொள்ளளவுடன் மதகு மட்டத்துக்கு மேல் நிற்கும் நீரின் அளவும் குறையக் கூடாது. நீர்ப்பிடிப்பும் ஆயக்கட்டும் மாறாமல் இருக்க வேண்டும். சங்கிலியில் உள்ள மேல், கீழ் ஏரிகளின் விவசாயிகளுக்கும் அறிவிப்பு தரப்பட வேண்டும். புதிய நீர்நிலை ஒரு பருவமழையில் நிரம்பிக் காட்டிய பின்னரே பழையதைத் தொட வேண்டும் என்று கேட்கலாம். இவ்வாறு தெளிவாகக் கேட்டால், பேரவையில் ஓர் உறுப்பினர் எழுந்து திருத்தம் கொடுக்க வசதியாயிருக்கும்.

விசாரணை நடக்கும்போதும் இதே முறைதான். கோபமாகப் பேசியது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்த எண்கள் கோப்பில் நிற்கும். பின்னாளில் நீதிமன்றம் செல்ல நேர்ந்தாலும் அந்தக் காகிதமே துணை.

வாய்க்கால் தூர் எடுக்கச் செல்லும்போது ஒரு நாடாவும் புலப்பட நகலும் கையில் இருக்கட்டும். மழைக்கு முன் கலங்கலையும் மதகையும் பார்வையிடும் வழக்கத்தோடு, ‘அ’ பதிவேட்டையும் அடங்கலையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்வையிடும் வழக்கத்தையும் விவசாயிகள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.